உடம்புச் சூட்டில் வளராது

எனக்குப் பயம் வந்தால் பாத்திரம் கழுவுவேன். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வாய் குழறும். எனக்குக் கை தானாகக் குழாயைத் தேடிப் போகும். தம்பி ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாள், அங்கிருந்து நேராக வேலைக்கு வந்து, முந்தின நாளே கழுவிக் கவிழ்த்திருந்த நாற்பது கண்ணாடிக் குடுவைகளையும் எடுத்து மறுபடி கழுவினேன். கழுவினதைத் திருப்பிக் கழுவுவார்களா என்று கேட்காதீர்கள். அன்று காலை டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தால் நீங்களும் கழுவியிருப்பீர்கள்.

"மூணு நாளா மருந்து ஏத்தறோம்மா, காய்ச்சல் இறங்கல. எந்தக் கிருமின்னு பிடிபடல. ரத்தம் எடுத்து வளர வெச்சிருக்கோம். வளர்ந்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும்."

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். நாலு வருடத்துக்கு முன் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து வாயாட அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. "அக்கா, உன் கிட்னி டீ கேக்குது" என்பான். திட்டினால், "என்னைத் திட்டிக்கோ, ஆனா உள்ள இருக்கறது உன்னோடது, அதுக்கு மூஞ்சி சுண்டிப் போவுது பாரு" என்பான். சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் வைத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு வெளியாள் என்று விரட்டாமல் இருக்க, தினமும் இரண்டு வேளை மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவல்காரனையே தூங்க வைக்கிற மாத்திரை. மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமி கூட அவனைச் சாய்த்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான பட்டியல் கொடுத்து அனுப்பினார்கள். அதில் முதல் வரி, ஆறின சாப்பாடு கூடாது, ஆவி பறக்கச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும் என்பது. அந்த வரியை நான் மனப்பாடம் செய்தேன். மற்ற வரிகளையும் செய்தேன், ஆனால் முதல் வரி என் தலையில் ஆணி அடித்தாற்போல் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். பழச்சாறு ஆலைகளுக்கு நொதி தயாரித்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. பிழிந்த சாறு கலங்கலாக இருப்பதற்குப் பழத்துக்குள் இருக்கும் பசைதான் காரணம். அந்தப் பசையை வெட்டிப்போடும் நொதியைச் சில ஈஸ்டுகள் தாமாகவே சுரக்கும். அவை குடியிருப்பது பிழிந்து கொட்டின ஆரஞ்சுத் தோலிலும், அழுகின தக்காளியிலும், சந்தைக் கழிவிலும். அங்கிருந்து ஈஸ்டைப் பிடித்து வந்து, தொட்டியில் பெருக்கி, அது சுரந்த நொதியை வடித்து விற்பதுதான் தொழில். மாடியில் ஆய்வகம். அங்கே மேடமும் நானும். மேடம் படித்தவர், வயதில் என்னைவிடப் பத்து வருடம் சின்னவர். நான் குடுவை கழுவி, ஈஸ்டுக்கு வேண்டிய சாப்பாட்டைக் காய்ச்சி ஊற்றுகிறவள். கீழே தொட்டியும் வடிகட்டும் அறையும். தம்பி வடிகட்டும் அறையில்.

அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் என்று கம்பெனியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் எடுத்திருக்க மாட்டார்கள். நான்தான் வாயை மூடிக்கொண்டு வேலை வாங்கிக் கொடுத்தேன்.

அன்று மதியம் குடுவைகளைக் கவிழ்த்து முடித்த நேரம் மேடம் கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க. திங்கக்கிழமை ஆலைக்காரங்க ஆள் அனுப்பறாங்க. எல்லா ஈஸ்ட்டோட பேப்பரையும் பாப்பாங்க. நான் வாசிக்கறேன், நீங்க டியூப்ல இருக்கற எண்ணும் தேதியும் சரியான்னு சொல்லுங்க."

ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். நானும் குளிர்பெட்டியிலிருந்து டியூபை எடுத்துப் பார்த்து, சரி மேடம், சரி மேடம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மனம் முழுக்க ஆஸ்பத்திரியில்.

"நாப்பத்தொண்ணு" என்றார். குரலில் ஒரு செல்லம். நாற்பத்தொன்று அவருடைய கண்டுபிடிப்பு. ஆரஞ்சுத் தோல் குவியலில், கீழடுக்கில், மூக்கைப் பொத்திக்கொண்டு அவரே தோண்டி எடுத்தது. பசை கலந்த ஈஸ்ட் சாப்பாட்டை நான் காய்ச்சி ஊற்றின கண்ணாடித் தட்டில் அதை வளர்த்து, மேலே அயோடின் ஊற்றினபோது, அந்த ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் காசு அகலத்துக்குத் தெளிந்த வட்டம் விழுந்தது. அந்த வட்டத்தில் பசை வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மேடம் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். இப்போது கீழே தொட்டியில் ஓடுவது அதுதான்.

"எடுத்த இடம், தோல் குவியல். இனம் பாத்தாச்சு. முப்பத்தேழு டிகிரி, ரெண்டு நாள், உடம்புச் சூட்டில் வளராது. தட்டு வெச்ச தேதி, மூணாம் மாசம் பதினொண்ணு."

டியூபில் எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தேதி என் காதிலேயே நின்றது.

மூன்றாம் மாதம் பதினொன்று தம்பி வேலைக்குச் சேர்ந்த நாள். அப்போது அவனைப் போட்டது பேக்கிங்கில். முதல் நாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவள்போல எனக்குத்தான் படபடப்பு. அவன் சாப்பாட்டை எப்படிச் சூடாக்குவது என்று தெரியவில்லை. கம்பெனியில் சாப்பாட்டுக்கென்று அடுப்பு கிடையாது, ஆய்வக அடுப்பில் வைத்தால் மேடம் கண்ணில் பட்டுவிடும். ஆய்வகத்தில் மூலையில் ஓர் இன்குபேட்டர் இருக்கிறது. நாங்கள் சூட்டுப்பெட்டி என்போம். எப்போதும் முப்பத்தேழில் நிற்கும். முப்பத்தேழு என்றால் மனித உடம்பின் சூடு. அது சாப்பாட்டுக்குக் காணாது. நான் டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகை அறுபதுக்குத் திருப்பினேன். உள்ளே பின்பக்கம் ஈஸ்ட் வளர்க்கிற தட்டுகள் நாலைந்து அடுக்கியிருந்தன. பழைய தட்டுகள், தூக்கிப் போட வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து டப்பாவை எடுத்து, திருகைப் பழையபடி முப்பத்தேழுக்குக் கொண்டு வந்தேன். டப்பா கை பொறுக்காத சூடு. முந்தானையில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். நாலு நாள் இப்படிச் செய்தேன். பிறகு சூடு தாங்கும் நல்ல டப்பா ஒன்று வாங்கினேன், விஷயம் அத்தோடு மறந்துபோனது.

அறுபது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஈஸ்ட் செத்துப்போகும். இதைச் சொல்லிக்கொடுத்தது மேடம்தான்.

"அக்கா? எண் சரியா?"

"சரி மேடம்."

"ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? தம்பி நெனப்பா?"

"ஆமா மேடம்" என்றேன். பொய் இல்லை.

இந்தச் சோதனை எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். குப்பையிலிருந்து எந்த ஈஸ்டைக் கொண்டு வந்தாலும் முதல் வேலை அதை உடம்புச் சூட்டில் வைத்துப் பார்ப்பது. அந்தச் சூட்டில் வளர்ந்தால், எவ்வளவு நல்ல நொதி சுரந்தாலும், ஆவியில் வேகவைத்துக் கொன்று கொட்டிவிட வேண்டும். நாற்பத்தொன்றின் இனத்தைப் பார்த்தபோது மேடம் உதட்டைப் பிதுக்கினார். "இந்தக் குடும்பத்துல சாதுவும் இருக்கு, நோயாளிங்க ரத்தத்துல கெடைச்சதும் இருக்கு. பேரை வெச்சு நம்ப முடியாது, சூட்டுல வெச்சுத்தான் பாக்கணும்" என்றார். வைத்தார். தட்டு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்து எல்லோருமாக இனிப்பு சாப்பிட்டோம். நானும் இரண்டு எடுத்தேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல வரும். மூன்று மாதத்துக்கு முன் தம்பியை வடிகட்டும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஈஸ்ட் உயிரோடுதான் வரும். சூடு காட்டினால் நொதியும் கெட்டுவிடும் என்பதால், அப்படியே வடித்து, துணியில் ஒட்டின ஈஸ்ட் சக்கையைக் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். நான் பயந்துபோய், பேச்சுவாக்கில் கேட்பதுபோல மேடத்திடம் கேட்டேன். "ஏன் மேடம், இந்த நாப்பத்தொண்ணு யாரையாவது ஏதாவது பண்ணுமா?" அவர் சிரித்தார். "உடம்புச் சூட்டுல வளராதுக்கா. நானே வெச்சுப் பாத்து எழுதியிருக்கேன்." அந்த எழுத்தை நம்பித்தான் நான் தம்பியை அந்த அறைக்குள் விட்டேன்.

மேடம் சாப்பிடப் போனார். நான் ஒரு புதுத் தட்டை எடுத்தேன். கம்பி வளையத்தைத் தீயில் காட்டி, நாற்பத்தொன்றில் ஒரு துளி தொட்டு, தட்டில் இழுத்தேன். அவசரத்தில் கோடு கோணல்மாணலாக விழுந்தது. சூட்டுப்பெட்டிக்குள் வெப்பமானி முப்பத்தேழைக் காட்டுகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். தட்டை வைத்தேன். திருகின்மேல் ஒரு காகிதம் ஒட்டி, தொடாதே என்று எழுதினேன். யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை. அதைத் தொடுகிற ஒரே ஆள் நான்தான்.

அப்போதே ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வோம், உறுதியாகத் தெரியாமல் ஊரைக் கூட்டக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். சொன்னால் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். டப்பா வெளியே வரும், சிறுநீரகம் வெளியே வரும், இரண்டு பேருக்கும் வேலை போகும். தட்டில் ஒன்றும் வளராமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். இப்படித்தான் என் புத்தி போனது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பிக்குக் குளிர் எடுத்து உதறிக்கொண்டிருந்தது. இரண்டு போர்வை போட்டிருந்தார்கள். நர்ஸ் வெப்பமானியைப் பார்த்து முப்பத்தொன்பது புள்ளி ஆறு என்று எழுதினாள்.

"உன் கிட்னி டான்ஸ் ஆடுதுக்கா" என்றான், பல் கிட்டிக்கொண்டே.

"பேசாம படு."

அவன் கையைப் பிடித்தேன். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரம் அழுக்காகி, பழசாக இருந்தது.

"இது என்னடா?"

"அது போன வாரம். சக்கை சுரண்டும்போது வடிகட்டற பிரஸ் விளிம்பு கிழிச்சிருச்சு. கையுறையும் போச்சு. ஒண்ணுமில்ல, ஆறிருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஊரையே ரெண்டாக்குவ. அதான்."

விரலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று காகிதங்களைப் புரட்டினார்.

"இவர் என்ன வேலை பாக்கறாருன்னு சொன்னீங்க?"

"பேக்கிங் சார்" என்றான் தம்பி. வடிகட்டும் அறை என்றால் டாக்டர் திட்டுவார் என்று, ஆஸ்பத்திரியில் சேரும்போது சொல்லிவைத்த பொய் அப்படியே வந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அம்மா, வேற ஏதாவது சொல்லணுமா? பிராணி வளக்கறீங்களா, வெளியூர் போனீங்களா, காயம் கீயம்? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நுனியில் இருந்தது. "இல்ல டாக்டர்" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இருந்த பாத்திரங்களையெல்லாம் கழுவினேன். கழுவப் பாத்திரம் தீர்ந்ததும் பரணில் கிடந்த பெரிய அண்டாவை இறக்கிக் கழுவினேன்.

விடிந்ததும் முதல் ஆளாகக் கம்பெனி வாசலில் நின்றேன். காவலாளி கதவைத் திறந்துகொண்டே, "என்னக்கா, மேடம் புரமோஷன் குடுத்துட்டாங்களா, இவ்வளவு சீக்கிரம்?" என்றார். நேராக மாடிப்படி ஏறினேன். ஏறும்போது வேண்டிக்கொண்டேன். தட்டு வெறுமையாக இருக்கட்டும், நான் வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இது என்ன வேண்டுதல் என்று இப்போது தோன்றுகிறது.

சூட்டுப்பெட்டியைத் திறந்தேன். மூக்கில் கனிந்த பழவாசம் அடித்தது. தட்டைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நான் இழுத்த கோணல் கோடு முழுக்க, வெண்ணெய் தடவினாற்போல, தடித்த வெள்ளையாக வளர்ந்திருந்தது. ஒரு கோடு விடாமல் வளர்ந்திருந்தது. அதற்கு அந்தச் சூடு பிடித்திருந்தது.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் வந்தபோது அப்படித்தான் இருந்தேன்.

"அக்கா! என்ன ஆச்சு? தம்பிக்கு..."

"நாப்பத்தொண்ணு மேடம்" என்று தட்டை நீட்டினேன். "முப்பத்தேழுல வெச்சது. வளந்துருச்சு."

பிறகு நிறுத்த முடியவில்லை. டப்பா, திருகு, அறுபது, முதல் நாள், சிறுநீரகம், மாத்திரை, விரலில் காயம், எல்லாம் வரிசை தப்பி வந்தது. திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்தேன். மேடம் முகம் வெளுத்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட ஒரு தட்டு வெச்சிருக்கணும்" என்றார் மெல்ல.

"என்ன மேடம்?"

"உடம்புச் சூட்டுல கண்டிப்பா வளரும்னு தெரிஞ்ச ஈஸ்ட் ஒண்ணைப் பக்கத்துலயே வெக்கணும்கா. அதுவும் வளரலன்னா பெட்டில ஏதோ கோளாறுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் வெப்பேன். அன்னைக்கு வெக்கல. இது நல்ல ஈஸ்ட்டா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு அவசரம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்லியிருந்தா அவனை அந்த ரூம் பக்கமே விட்டிருக்க மாட்டேன். சரி, அழறதுக்கு இப்ப நேரமில்ல. எந்திரிங்க."

மாடிப்படியிலிருந்தே கீழே குரல் கொடுத்தார். தொட்டியை நிறுத்து, யாரும் கையை வைக்காதே, முழுசாக ஆவி விடு. தொட்டிக்காரர் மேலே பார்த்து, "மேடம், நாளைக்கு வடிக்க வேண்டிய சரக்கு!" என்று கத்தினார். "கொல்லுங்கன்னா கொல்லுங்க!" என்று மேடம் திருப்பிக் கத்தினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

தட்டைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பைக்குள் போட்டு, அழுத்தி மூடுகிற டப்பா ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். என் பையில் இருந்த ஒரே டப்பா தம்பியின் சாப்பாட்டு டப்பா. அதில்தான் வைத்தோம். மேடமே கார் ஓட்டினார். டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் நான் சிவப்பு விளக்கைத் திட்டினேன்.

டாக்டரை வார்டு வாசலிலேயே பிடித்தோம். மேடம் சொல்லச் சொல்ல, அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இப்பதான் லேப்ல இருந்து போன் வந்துச்சு" என்றார். "ரத்தத்துல ஈஸ்ட் மாதிரி தெரியுதாம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தலையப் பிச்சுக்கிட்டு இருந்தோம்." டப்பாவை வாங்கி நர்ஸிடம் கொடுத்தார். "பேரும் தெரிஞ்சு தட்டும் கையில இருக்கறது நல்லது. எந்த மருந்து கேக்கும்னு சீக்கிரமே பாத்துடலாம். மருந்தை இப்பவே மாத்தறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து சாயங்காலம் நான் கேட்டேனே?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு ராத்திரி போயிடுச்சும்மா. ஈஸ்ட் கிட்னியில எறங்கியிருந்தா அந்தக் கிட்னியைக் காப்பாத்தறது கஷ்டம். அதுக்கப்புறம் ஆளைக் காப்பாத்தறதும் கஷ்டம். ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

நர்ஸ் பழைய பாட்டிலைக் கழற்றிப் புதுப் பாட்டிலை மாட்டினாள். சொட்டு இறங்க ஆரம்பித்தது. மேடம் கம்பெனிக்குத் திரும்பிப் போனார். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி விழித்திருந்தான். கண் இரண்டும் குழி விழுந்திருந்தன.

"வாசல்ல என்ன பஞ்சாயத்து?"

அவனிடமும் சொன்னேன். அவனிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. உன் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும் என்று பெட்டியைத் திருகினேன், உள்ளே இருந்த தட்டு செத்துப்போனது, வளராது என்று எழுதிவிட்டார்கள், அதை நம்பி உன்னை அங்கே விட்டேன், நேற்றே தெரிந்தும் டாக்டரிடம் மறைத்தேன். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் என் கையிலிருந்து போர்வை ஓரத்தை இழுத்துக்கொண்டான்.

"அக்கா."

"சொல்லு."

"நான் ஒண்ணு சொல்லட்டா? அழக் கூடாது."

"சொல்லித் தொலை."

"அன்னைக்கு அந்தச் சாப்பாட்டை நான் சாப்பிடவே இல்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"முதல் நாள். பேக்கிங்ல எல்லாரும் சேந்து வெளில வாங்கிச் சாப்பிட்டாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. அவங்க முன்னாடி அக்கா குடுத்த டப்பாவைத் தொறக்க வெக்கமா இருந்துச்சு. நீ முந்தானையில புடிச்சுக்கிட்டு வந்து நின்னது வேற எல்லாரும் பாத்துட்டாங்க. தூக்கிக் கொட்டிட்டு, டப்பாவைக் கழுவிக் குடுத்துட்டேன். சூடா இருந்துச்சான்னு கேட்ட. நாக்கு சுட்டுப் போச்சுன்னு சொன்னேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம்." மூச்சு வாங்கினான். "நாலு நாளும் அப்படித்தான்."

அழக் கூடாது என்றுதான் சொன்னான். நான் அழுதேன். வார்டில் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அவன் பிளாஸ்திரி ஒட்டின விரலால் என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவனும் அழுதான்.

அந்த இரண்டு நாளை எப்படிக் கடத்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பத்தொன்பது புள்ளி எட்டு. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. மறுபடி நாற்பது. நர்ஸ் எழுதுவதற்கு முன்பே எட்டி எட்டிப் பார்த்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிறுநீர் பையில் ஒவ்வொரு துளி இறங்கும்போதும், என்னுடையது இன்னும் வேலை செய்கிறது, இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வார்டில் கழுவ ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே ஒரு டம்ளர் இருந்தது. அதை எத்தனை தடவை கழுவினேனோ.

மூன்றாம் நாள் காலை தம்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. நர்ஸ் வந்து வெப்பமானியை வைத்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"முப்பத்தேழும்மா. நார்மல். இனிமே பயப்படாதீங்க."

அவள் போனபிறகும் நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் நீல மையில் எழுதியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது நல்ல எண். எனக்குச் சூட்டுப்பெட்டியின் கதவும், கனிந்த பழவாசமும், கோடு விடாமல் வளர்ந்திருந்த வெள்ளையும் கண் முன் வந்து நின்றன. நாற்பத்தொன்றுக்கும் அதுதான் நல்ல எண்.

தம்பி கண்ணைத் திறந்தான். உதட்டை நனைத்துக்கொண்டான்.

"பசிக்குதுக்கா" என்றான். "சூடா ஏதாவது கொண்டா. இந்தத் தடவை சாப்பிடறேன்."